120 ஹெர்ட்ஸ் டிவி வாங்கியும் 60-லேயே ஆடிக்கொண்டிருக்கிறீர்களா?

போன தீபாவளித் தள்ளுபடியில் என் மச்சினன் ஒரு 55 இஞ்ச் 120 ஹெர்ட்ஸ் டிவி வாங்கினான். பிஎஸ்5 கேம் கன்சோல் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. பொங்கலுக்கு அங்கே போனபோது, “எப்படிடா இருக்கு?” என்று கேட்டேன். “என்ன மாமா, பழைய டிவி மாதிரியேதான். படம் பெருசா தெரியுது, அவ்வளவுதான்” என்றான்.

டிவிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். நான்கு எச்டிஎம்ஐ போர்ட்டுகள். மூன்றாவதிலும் நான்காவதிலும் மட்டும் பொடி எழுத்தில் ‘4கே 120’ என்று போட்டிருந்தது. கன்சோல் கேபிள் சொருகியிருந்ததோ முதல் போர்ட்டில். மூன்று மாதமாக 60-ல்தான் ஆடியிருக்கிறான். டிவியும் அதைச் சொல்லவில்லை, கன்சோலும் சொல்லவில்லை.

இந்த விஷயத்தில் இருக்கும் ஒரே பெரிய தொல்லை இதுதான். எங்காவது ஒரு இடத்தில் குறை இருந்தால், ‘தவறு’ என்று திரையில் எதுவும் வராது. சத்தமில்லாமல் 60-க்கு இறங்கிவிடும். அதனால் கேம், டிவி, போர்ட், கேபிள், செட்டிங்ஸ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. பிரேம் என்பது கன்சோல் வரைந்து அனுப்பும் ஒரு படம். ஹெர்ட்ஸ் என்பது டிவி விநாடிக்கு எத்தனை முறை திரையைப் புதுப்பிக்கிறது என்பது. விநாடிக்கு 30 பிரேமில் ஒரு படம் 33.3 மில்லி விநாடி திரையில் நிற்கும். 60-ல் 16.7. 120-ல் 8.3. எண்களைக் கவனியுங்கள்: 30-லிருந்து 60-க்குப் போனால் 16.7 மில்லி விநாடி மிச்சம், 60-லிருந்து 120-க்குப் போனால் அதில் பாதிதான் மிச்சம். முதல் தாவலை யாரும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். இரண்டாவது தாவல் கண்ணைவிடக் கைக்குத்தான் முதலில் தெரியும். குறி வைப்பது லேசாகிவிடும். எனவே 60 ஹெர்ட்ஸ் டிவி வைத்திருப்பவர்கள் இதற்காக மட்டும் டிவியை மாற்றத் தேவையில்லை என்பது என் கட்சி.

படி 1: உங்கள் கேமில் 120 இருக்கிறதா?

எல்லா கேமிலும் கிடையாது. ஃபோர்ட்நைட், கால் ஆஃப் டூட்டி, ராக்கெட் லீக் போன்ற போட்டி ஆட்டங்களில் உண்டு. ஒரு விநாடிக்கு இரண்டு மடங்கு படம் வரைய வேண்டும் என்பதால் கன்சோல் வேறு எதையாவது குறைக்கும். பெரும்பாலும் படத்தின் கூர்மைதான் குறையும், சில சமயம் நிழலும் பிரதிபலிப்பும் போய்விடும். கதை சொல்லும் பெரிய கேம்களில் 120 அபூர்வம்.

ஆனால் அந்த மாதிரி கேம் ஆடுபவர்களுக்கும் 120 ஹெர்ட்ஸ் டிவியால் ஒரு லாபம் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. 40 பிரேம் மோட். 60 ஹெர்ட்ஸ் திரையில் 40 பிரேமைச் சீராகக் காட்ட முடியாது. 60-ஐ 40-ஆல் வகுத்தால் ஒன்றரை வரும், ஒரு படம் ஒரு முறையும் அடுத்த படம் இரண்டு முறையும் நின்று திக்கித் திக்கி ஓடும். 120-ஐ 40-ஆல் வகுத்தால் சரியாக மூன்று. ஒவ்வொரு படமும் மூன்று முறை, 25 மில்லி விநாடி. இந்த 25 என்பது 33.3-க்கும் 16.7-க்கும் நட்டநடுவில் வருகிறது. அதாவது, எண்ணில் 40 என்பது 30-க்குப் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரிந்தாலும், கைக்கு 60-க்குப் பாதி வழி வந்துவிட்டோம். ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட் கேமில் இதைப் போட்டுப் பாருங்கள். கூர்மையும் குறையாது, ஆட்டமும் இழுக்காது. நான் இப்போது கதை கேம் எது ஆடினாலும் முதலில் தேடுவது இந்த மோடைத்தான்.

படி 2: டிவி நிஜமாகவே 120-தானா?

அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். ‘மோஷன் ரேட்’ என்று ஏதாவது பெரிய எண்ணோடு இருந்தால் அது விளம்பரக் கணக்கு, பேனலின் வேகம் இல்லை. ‘எம்இஎம்சி’ (MEMC) என்றால் டிவியே இடையில் கற்பனைப் படங்களைச் செருகி ஓட்டத்தை வழுவழுப்பாக்குவது. கிரிக்கெட் பார்க்க நன்றாக இருக்கும், கேமுக்கு உதவாது, தாமதம்தான் கூடும். ‘120 ஹெர்ட்ஸ் டிஎல்ஜி’ என்றால் 60 ஹெர்ட்ஸ் பேனலில் இரண்டிரண்டு வரிசைகளாக ஒரே நேரத்தில் எழுதி 120 ஆக்குவது. வேகம் வரும், ஆனால் மேலிருந்து கீழான கூர்மையில் பாதி போய்விடும். விலை குறைவான டிவியில் இது தப்பில்லை. தெரிந்து வாங்கினால் சரி.

‘எச்டிஎம்ஐ 2.1’ என்ற முத்திரையும் போதாது. அந்தத் தரத்தில் 4கே 120, விஆர்ஆர் (கேமின் வேகத்துக்கேற்ப டிவியும் வேகத்தை மாற்றிக்கொள்வது) எல்லாமே விருப்பத்துக்கு உட்பட்டவை. அவற்றில் ஏதோ ஒன்று இருந்தாலே தயாரிப்பாளர் 2.1 என்று போட்டுக்கொள்ளலாம்.

நான் டிவி வாங்கப் போனபோது கடைக்காரர், “சார், இது 120-தான் சார்” என்று ஸ்டிக்கரைக் காட்டிச் சத்தியம் செய்யாத குறை. அங்கேயே நின்று போனில் அந்த மாடலின் பயனர் கையேட்டை இறக்கினேன். கடைசிப் பக்கங்களில் ‘ஆதரிக்கும் சிக்னல்கள்’ என்று ஒரு அட்டவணை இருக்கும். 3840 × 2160 (இதுதான் 4கே) என்ற வரிக்கு நேரே 24, 30, 50, 60 என்று இருந்தது. 120 இல்லை. அட்டவணையைக் காட்டியதும், “அப்ப மேல் மாடல் பாருங்க சார்” என்றார். கடைக்குப் போகும் முன் இந்த ஒரு பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

படி 3: சரியான போர்ட்

பல டிவிகளில் நான்கில் இரண்டு போர்ட்தான் 4கே 120 வாங்கும். அந்த இரண்டில் ஒன்றே பெரும்பாலும் சவுண்ட்பாருக்கான ஈஆர்க் போர்ட்டாகவும் இருக்கும். சவுண்ட்பாரை அதில் விட்டுவிட்டு, கன்சோலை மற்றதில் சொருகுங்கள். கன்சோலை சவுண்ட்பார் வழியாக டிவிக்குக் கொண்டுபோகிறவர்கள் ஜாக்கிரதை: பழைய சவுண்ட்பார் 4கே 120-ஐக் கடத்தாது.

படி 4: கேபிள்

பிஎஸ்5 பெட்டியோடு வந்த கேபிளையே போடுங்கள், வேலை முடிந்தது. மோட்டார் எவ்வளவு வேகமாக இறைத்தாலும் நடுவில் அரை இஞ்ச் பைப் இருந்தால் மேல் தொட்டிக்கு அவ்வளவு தண்ணீர்தானே ஏறும்? பழைய எச்டிஎம்ஐ 2.0 பைப்பில் விநாடிக்கு 18 கிகாபிட் போகும். 2.1-ல் 48 வரை. பிஎஸ்5 அனுப்புவது அதிகபட்சம் 32. புதிதாக வாங்குவதென்றால் ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ என்று அச்சிட்ட, ஸ்கேன் செய்து சரிபார்க்கும் க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டிய கேபிளாகப் பாருங்கள். முடிந்தவரை நீளம் குறைவாக இருக்கட்டும். நடுவில் திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பி வந்தால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான்.

படி 5: டிவி செட்டிங்ஸ்

சரியான போர்ட்டில் போட்டாலும் பல டிவிகளில் அந்த போர்ட்டைத் திறந்துவிட வேண்டும். சாம்சங்கில் இதன் பெயர் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’. சோனியில் ‘எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்’. அதில் ‘என்ஹான்ஸ்டு’ வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்ஜியில் ‘டீப் கலர்’ என்ற பெயரில் தேடுங்கள். அப்புறம் கேம் மோட். ஏஎல்எல்எம் உள்ள டிவி கன்சோலைப் பார்த்ததும் தானே கேம் மோடுக்கு மாறிவிடும். இல்லையென்றால் கையால் மாற்றுங்கள். மற்ற மோடுகளில் டிவி படத்தை அழகுபடுத்திக்கொண்டே உட்கார்ந்திருக்கும். நீங்கள் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் சுடுவதற்கும் நடுவே அந்த நேரம் வீணாகும்.

படி 6: கன்சோல் செட்டிங்ஸ்

பிஎஸ்5-ல் செட்டிங்ஸ், ஸ்கிரீன் அண்ட் வீடியோ, வீடியோ அவுட்புட் என்று போங்கள். 120 ஹெர்ட்ஸ் அவுட்புட்டை ‘ஆட்டோமேட்டிக்’ என்று வையுங்கள். விஆர்ஆரும் அப்படியே. பிறகு சேவ்ட் டேட்டா அண்ட் கேம்/ஆப் செட்டிங்ஸ் பகுதியில் கேம் பிரிசெட்ஸ் திறந்து ‘பெர்ஃபார்மன்ஸ் மோட்’ கொடுங்கள்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் வைத்திருப்பவர்களுக்கு: ஜெனரல், டிவி அண்ட் டிஸ்பிளே ஆப்ஷன்ஸ், ரிஃப்ரெஷ் ரேட் 120. அதே இடத்தில் ‘4கே டிவி டீடெயில்ஸ்’ என்று ஒரு பக்கம் உண்டு. உங்கள் டிவி எதை ஏற்கும், எதை ஏற்காது என்று வரிவரியாக டிக் போட்டுக் காட்டும். பிஎஸ்5-லும் ஸ்கிரீன் அண்ட் வீடியோ பகுதியில் ‘வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷன்’ என்று இதுபோல ஒரு பக்கம் உண்டு.

விஆர்ஆர் பற்றி இரண்டு வரி. கேம் எப்போதும் சரியாக 120 தராது. வெடி வெடித்தால் 95-க்கு இறங்கும். விஆர்ஆர் இருந்தால் டிவியும் கூடவே இறங்கி ஏறும், படம் கிழிவதும் குதிப்பதும் இருக்காது. பிஎஸ்5-க்கு இது 2022 ஏப்ரலில்தான் அப்டேட்டாக வந்தது. 48-லிருந்து 120 வரைதான் வேலை செய்யும்.

படி 7: கேமுக்குள்ளே

கடைசிப் பூட்டு இங்கே. ஃபோர்ட்நைட்டில் வீடியோ பகுதிக்குள் ‘120 எஃப்பிஎஸ் மோட்’ என்று தனியாக ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போடாமல் மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்தாலும் 60-தான்.

சரிபார்ப்பதை ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்யுங்கள். முகப்புத் திரையில் 60 என்று காட்டினால் பதற வேண்டாம், அங்கே அப்படித்தான் இருக்கலாம். சாம்சங்கின் கேம் பார், எல்ஜியின் கேம் டாஷ்போர்டு போன்றவை ஆட்டத்தின் மேலேயே எண்ணைக் காட்டும்.

மச்சினன் வீட்டில் கேபிளை மாற்றிச் சொருகி, செட்டிங்ஸைப் போட்டு, ஒரு ஆட்டம் ஆடவிட்டேன். எதுவும் பேசாமல் இரண்டு மணி நேரம் ஆடினான். அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன். மறுநாள் காலையில் போன். “மாமா, சவுண்ட்பார்ல சத்தமே வரல.” அவசரத்தில் சவுண்ட்பார் கேபிளைப் பிடுங்கிவிட்டு கன்சோலை மூன்றாவது போர்ட்டில் சொருகிவிட்டு வந்திருக்கிறேன். “நாலுல மாத்துடா, மூணுல சவுண்ட்பாரப் போடு” என்றேன். “நாலுக்கும் அந்த டீப் கலர் மாதிரி ஏதோ போடணுமா மாமா?” என்று கேட்டான். போட வேண்டும். போர்ட்டுக்குப் போர்ட் தனித்தனி.