பிரேக் பிடித்தபின் ஸ்கூட்டர் எத்தனை மீட்டர் ஓடும்?

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு தோவாளையிலிருந்து ஆரல்வாய்மொழிக்குப் போய்க்கொண்டிருந்தேன். நேர் சாலை. திடீரென்று ஒரு ஆடு குறுக்கே வந்து நின்றது. பிரேக் பிடித்தேன். ஆட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். "மாமா, இன்னும் கொஞ்சம் வேகமா வந்திருந்தா?" என்றாள். வீட்டுக்குப் போனதும் நோட்டை எடுத்தோம்.

முதலில் வேகத்தை மீட்டருக்கு மாற்ற வேண்டும். ஸ்பீடோமீட்டர் காட்டுவது மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று. நமக்கு வேண்டியது வினாடிக்கு எத்தனை மீட்டர். 5-ஆல் பெருக்கி 18-ஆல் வகுத்தால் போதும். (1000 மீட்டர், 3600 வினாடி, சுருக்கினால் 5/18.) வேகம் 54 என்று வைத்துக்கொள்வோம். 54 × 5 ÷ 18 = 15. வினாடிக்கு 15 மீட்டர்.

அடுத்தது எதிர் முடுக்கம். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிரேக் பிடித்தபின் ஒவ்வொரு வினாடியும் வேகம் எவ்வளவு குறைகிறது என்பதுதான் அது. காய்ந்த தார்ச்சாலைக்கு 5 என்று எடுப்போம். 15, 10, 5, 0. மூன்று வினாடியில் வண்டி நின்றுவிட்டது.

சரி, அந்த மூன்று வினாடியில் எவ்வளவு தூரம் ஓடியது? சூத்திரத்துக்குப் போகாமலே சொல்லலாம். வேகம் சீராகக் குறைவதால் சராசரி வேகம் 15-இல் பாதி, அதாவது 7.5. அதை 3 வினாடியால் பெருக்கினால் 22.5 மீட்டர். பாடப்புத்தகச் சமன்பாடும் இதையேதான் சொல்கிறது:

இறுதி வேகத்தின் வர்க்கம் = தொடக்க வேகத்தின் வர்க்கம் + 2 × முடுக்கம் × தூரம்

வண்டி நிற்பதால் இறுதி வேகம் 0. முடுக்கத்துக்கு −5 போட வேண்டும். என் மருமகள் +5 போட்டாள், விடை −22.5 வந்தது. ஸ்கூட்டர் பின்னால் ஓடிப் போய் நின்றிருக்கிறது! குறியில்தான் எல்லோரும் சறுக்குவார்கள், நானும் அந்த வயதில் சறுக்கியவன்தான். குழப்பமாக இருந்தால் இப்படி நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: வேகத்தின் வர்க்கத்தை எதிர் முடுக்கத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 225 ÷ 10 = 22.5.

இதோடு முடியவில்லை. ஆட்டைக் கண் பார்த்து, கை பிரேக்கை அழுத்துவதற்குள் ஏறக்குறைய ஒரு வினாடி போய்விடும். அந்த ஒரு வினாடியும் வண்டி முழு வேகத்தில்தான் ஓடுகிறது: 15 மீட்டர். ஆக மொத்தம் 37.5 மீட்டர்.

இப்போது அவள் கேட்ட கேள்வி. வேகம் 72 என்றால் வினாடிக்கு 20 மீட்டர். பிரேக்கைத் தொடுவதற்குள் 20 மீட்டர் போயாயிற்று. அப்புறம் 400 ÷ 10 = 40. மொத்தம் 60 மீட்டர். ஆனால் ஆடு நிற்பது 37.5-ஆவது மீட்டரில் என்றால், அங்கே போய்ச் சேரும்போது வண்டியின் வேகம் என்ன? பிரேக் பிடித்து ஓடியது 17.5 மீட்டர்தான். 400 − (2 × 5 × 17.5) = 225. வர்க்கமூலம் 15. அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர்! முதல் கணக்கில் எந்த வேகத்தில் வந்துகொண்டிருந்தோமோ, அதே வேகத்தில் ஆட்டின் மேல் மோதியிருப்போம். அவள் இரண்டு தடவை கூட்டிக் கழித்துப் பார்த்தாள். விடை மாறவில்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அதனால் ஈரச் சாலைக் கணக்கும் போட்டுப் பார்த்துவிட வேண்டும். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே, சருகு நனைந்து கிடக்கும் சாலை என்று வையுங்கள். டயருக்குப் பிடிப்பு குறைவு, எதிர் முடுக்கம் 3-தான். பழைய 54-க்கே 225 ÷ 6 = 37.5, முதல் வினாடியின் 15-ஐச் சேர்த்தால் 52.5 மீட்டர்.

அதே ஈரச் சாலையில் 36 கிலோமீட்டர் வேகத்துக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். 26.7-க்குப் பக்கத்தில் வந்தால் சரி. 16.7 வந்தால் அந்த முதல் வினாடியை மறந்துவிட்டீர்கள்.