வடகரையா, தென்கரையா: திருவையாற்றைச் சுற்றி ஒரு நாள் சைக்கிள்

எனக்குத் திருவையாற்றில் தையல் கடை. வாரத்தில் ஆறு நாள் மெஷின் முன்னால் உட்கார்ந்தே வேலை. சர்க்கரை எட்டிப் பார்த்த வருஷம் டாக்டர் நடக்கச் சொன்னார். நடை எனக்குச் சலிப்பு. பதினோராம் வகுப்பில் மகளுக்கு அரசு கொடுத்த சைக்கிள், அவள் கல்யாணமாகிப் போன பிறகு கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்தது. அதைத் துடைத்து எண்ணெய் விட்டு ஆரம்பித்ததுதான். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கு நானும் என் நாத்தனாரும் கிளம்பிவிடுகிறோம்.

கியர் வண்டி வாங்கணுமா என்று கேட்கிறவர்களுக்கு: வேண்டாம். நம் பக்கம் ஏற்றம் என்று சொன்னால் பாலத்துக்கு ஏறும் சரிவும், ஊரிலிருந்து ஆற்றங்கரைக்கு ஏறும் சரிவும்தான். இறங்கித் தள்ளினாலும் நாலு எட்டு. முழங்காலைப் பதம் பார்ப்பது காற்று. ஆனி, ஆடியில் மேல்காற்று ஆளைத் தள்ளும். அந்த மாதங்களில் காலையில் தெம்பு இருக்கும்போதே மேற்கே போய்விட வேண்டும். திரும்பும்போது காற்றே வீட்டில் கொண்டுவந்து சேர்க்கும். மாற்றிச் செய்தால் மத்தியானம் அழுதுகொண்டே மிதிக்க வேண்டியதுதான். ஒரு தடவை செய்து பார்த்தோம்.

சீட்டை மட்டும் கொஞ்சம் உயர்த்துங்கள். பெடல் கீழே போகும்போது கால் கிட்டத்தட்ட நீள வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வைத்த உயரத்திலேயே ஓட்டிவிட்டு, மூட்டு வலிக்கிறது என்று சைக்கிளைக் குறை சொல்லக் கூடாது.

இனிதான் முக்கியமான விஷயம். இங்கே வழியைத் தீர்மானிப்பது ரோடு அல்ல, ஆறு. வடக்கே காவிரி, அடுத்து குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, தஞ்சாவூரை ஒட்டி வடவாறு. எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே அடுத்தடுத்து ஓடுகின்றன. கரையோடு கரையாகப் போவது சுகம்; கரை மாறுவதுதான் பாடு. எதிர்க்கரை ஊரில் மைக் செட் பாட்டு கேட்கும், கோபுரம் தெரியும், பாலம் மட்டும் வராது. குடமுருட்டிக் கரையில் ஒரு தடவை அப்படிப் போய்க்கொண்டே இருந்தோம். மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "பாலமா? அதை அங்கேயே விட்டுட்டு வந்துட்டீங்களேம்மா" என்றார். நாத்தனார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அண்ணி, நீங்கதானே வழி தெரியும்னீங்க?"

அதிலிருந்து கிளம்பும் முன்பே இரண்டு விஷயத்தை முடிவு செய்துகொள்கிறோம். எந்தக் கரையில் போவது, எந்தப் பாலத்தில் மாறுவது. பல இடங்களில் ஒரு கரையில் தார் ரோடு இருக்கும், இன்னொரு கரையில் மண் பாதைதான். டீக்கடையில் வழி கேட்கும்போது ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். "அடுத்த பாலம் எங்கே, அதில் வண்டி போகுமா?" என்று கேளுங்கள். மதகின் மேல் நடைபாதை மட்டும் இருக்கிற இடங்களும் உண்டு.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது ஏழூர். சித்திரையில் எங்கள் ஊர்ச் சிவன் ஐயாறப்பர் பல்லக்கு சுற்றி வரும் அதே ஏழு ஊர்கள்: திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம். ஆனால் பல்லக்கு போகும் வரிசையில் சைக்கிளை விட்டால் மாட்டிக்கொள்வீர்கள். மேட்டூர் அணையை ஜனவரி 28 வாக்கில் மூடிவிடுவது வழக்கம், சித்திரையில் ஆறு வெறும் மணல். பல்லக்கு இறங்கி ஏறிவிடும். நமக்குப் பாலம் வேண்டும்.

தேவாரத் தலங்களைக் காவிரி வடகரை, காவிரி தென்கரை என்று பிரித்து எழுதி வைத்திருக்கிறார்களே, அந்தப் பட்டியலையே நான் வரைபடமாக வைத்துக்கொண்டேன். ஐயாறு, பழனம், தில்லைஸ்தானம் (தேவாரப் பாட்டுகளில் திருநெய்த்தானம்) மூன்றும் வடகரை. மற்ற நாலும் தென்கரை. ஆகவே முதலில் கிழக்கே பழனம் போய்த் திரும்பி, ஊரைத் தாண்டி மேற்கே தில்லைஸ்தானம். மறுபடி திருவையாறு வந்து காவிரிப் பாலம், குடமுருட்டிப் பாலம் இரண்டையும் கடந்தால் கண்டியூர். அங்கிருந்து மேற்கே பூந்துருத்தி. வந்த வழியே கண்டியூருக்குத் திரும்பி, கிழக்கே வேதிகுடியும் சோற்றுத்துறையும். சுற்றுப் பாதை கிடைக்காது, வந்த வழியில் இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும். பரவாயில்லை. நின்று நின்று போனாலும் மத்தியானத்துக்குள் முடிகிற தூரம். கோயில் பார்க்க நினைத்தால் பன்னிரண்டுக்கு நடை சாத்துவதற்குள் கடைசி ஊரில் இருங்கள். பார்க்காவிட்டால் கோபுர வாசல் நிழலே போதும்.

எந்த மாதத்தில் போவது என்பதைப் பஞ்சாங்கம் சொல்லாது, வயல் சொல்லும். ஐப்பசி, கார்த்திகையில் மண் கரைப் பக்கமே போகாதீர்கள். நம் வண்டல் மண் ஈரத்தில் மாவு மாதிரி டயரில் அப்பி, மட்கார்டுக்குள் ஏறி, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். விரல் தடிமனில் ஒரு குச்சி ஒடித்து, சக்கரத்தைப் பின்னால் உருட்டிக்கொண்டே சுரண்டினால்தான் வெளியே வரும். தையில் நல்ல குளிர், நல்ல வெயில். ஆனால் சம்பா அறுவடை நேரம், பாதி ரோட்டில் நெல் காயும். நெல்மேல் ஓட்டாதீர்கள். அது யாரோ ஒருவருடைய ஒரு வருஷத்து உழைப்பு, நமக்கும் வழுக்கிவிடும். அறுத்த வயலில் வாத்து மேய்க்க வருவார்கள். நூற்றுக்கணக்கான வாத்து ரோட்டைக் கடந்தால் இறங்கி நின்று வேடிக்கை பாருங்கள், மணி அடித்தால் கலைந்து ஓடும்.

பங்குனி, சித்திரையில்தான் வில்லங்கம். உளுந்துச் செடியைப் பிடுங்கி, வண்டி ஏறி உதிரட்டும் என்று ரோட்டில் பரப்பியிருப்பார்கள். பஸ் ஏறிப் போகும், நாமும் போகலாம் என்று நினைத்தேன். பத்து மிதி மிதித்திருப்பேன், பெடல் கெட்டியாக நின்றுவிட்டது. காய்ந்த கொடி செயினோடு போய் ஃப்ரீவீலில் கயிறு மாதிரி சுற்றியிருந்தது. இழுத்தால் அறுந்து இன்னும் உள்ளே போகிறது. கடைசியில் கடைச் சாமானில் இருந்த நூல் வெட்டும் சின்னக் கத்தரிதான் காப்பாற்றியது: சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, கொடியைக் குறுக்கே துண்டு துண்டாக வெட்டி, பெடலைப் பின்னால் சுற்றிச் சுற்றி எடுத்தோம். அரை மணி நேரம். அந்தக் கத்தரி இப்போது நிரந்தரமாக சைக்கிள் பையில் இருக்கிறது. உளுந்தைக் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன்.

பையில் வேறென்ன: கைப்பம்பு, ஒட்டுப் போடும் சாமான், உப்புத்தாள், டயரை நெம்ப இரண்டு ஸ்பூன், மூன்று அங்குலம் வால்டியூப் (வால்வின்மேல் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய்). கடைசியில் சொன்னது மிக முக்கியம். வெயில் காலத்தில் காற்று இறங்கினால் பஞ்சர் என்று பதறுகிறோம், பாதி நேரம் அந்த வால்டியூப் ரப்பர் உலர்ந்து வெடித்திருக்கும். வால்வு வாயில் எச்சில் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் ரப்பரை மாற்றினால் முடிந்தது. நிஜமாகவே பஞ்சர் என்றால் கரையோர சீமைக்கருவேல முள்ளாகத்தான் இருக்கும். டியூபை ஒட்டுவதற்கு முன் டயரின் உட்புறம் முழுக்க ஒரு பழந்துணியால் தடவுங்கள். முள் முனை இருந்தால் துணி மாட்டும். விரலால் தேடினால் விரல்தான் கிழியும். முள்ளை எடுக்காமல் ஒட்டிவிட்டு, அரை கிலோமீட்டரில் மறுபடி உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். ஒருத்தி என் கூடவே வருகிறாள்.

சாப்பாட்டுக்குப் புளிசாதம், உப்புப் போட்ட மோர். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள், அதற்கே ஆர்வம் போய்விடும். மதகு ஷட்டருக்குக் கீழே மட்டும் குளிக்க இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும், அடியில் சுழல் இழுக்கும். மணல் அள்ளிய பள்ளமும் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது.

ஏழூர் பழகிய பிறகு கல்லணை. திருவையாற்றிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாக மேற்கே, போக மட்டும் முப்பது கிலோமீட்டருக்கு முன்னே பின்னே. தண்ணீர் இருக்கும் நாளில் போங்கள். மேட்டூரை ஜூன் 12-இல் திறப்பது மரபு, அதற்கு அடுத்த சில நாட்களில் கல்லணைக்குத் தண்ணீர் வரும். வாரம் முழுக்க நம் ஊர்ப் படித்துறையில் பார்க்கிற தண்ணீர் அங்கேதான் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புதாறு (கல்லணைக் கால்வாய்) என்று பங்கு பிரிகிறது. புதாற்றை வெட்டியது மேட்டூர் அணை திறந்த 1934-ஐ ஒட்டித்தான். கல்லணைக்கோ கரிகாலன் காலம் வரை போக வேண்டும். பாலத்தின்மேல் கூட்டம் அதிகம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடங்கள்.

திரும்பும்போது மூன்றரைக்காவது கிளம்பிவிடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே திருக்காட்டுப்பள்ளியைத் தாண்ட வேண்டும். இருட்டினால் ஆற்றோரப் பூச்சி கண்ணில் வந்து விழும், எதிரே வரும் லாரி விளக்கு மறைக்கும். வெளிச்சத்திலேயே வந்து சேர்ந்தால் கடைத்தெருவில் சூடாக அசோகா அல்வா கிடைக்கும். நான் ஒரு ஸ்பூன், மீதி நாத்தனாருக்கு.