எல்ட்ரிட்ஜ் தெரு சினகாக்: முதல்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்கள் 1887இல் கட்டிய தொழுகைக்கூடம் இது. இப்போது அருங்காட்சியகம்; கச்சேரி, சொற்பொழிவு எல்லாம் நடக்கும். ஒரு சிறு சபை இன்னும் இங்கே தொழுகிறது.

1. கிழமையைப் பாருங்கள். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள், அருங்காட்சியகம் திறக்காது. யூதப் பண்டிகை நாட்களையும் வலைத்தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

2. எஃப் (F) தடச் சுரங்க ரயிலில் ஏறி, ஈஸ்ட் பிராட்வே நிலையத்தில் இறங்குங்கள். கொஞ்ச தூரம் நடந்தால் போதும். சுற்றிலும் சீனக் கடைப் பலகைகளாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், வழி சரிதான். உடனே உள்ளே நுழையாமல், எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று முகப்பின் பெரிய வட்டச் சாளரத்தைப் பாருங்கள். பக்கத்தில் போய்விட்டால் முழுசாகத் தெரியாது.

3. தொழுகை மண்டபத்தில் முதலில் தரையைப் பாருங்கள். எல்லோரும் அண்ணாந்து விளக்குகளைத்தான் பார்ப்பார்கள். ஆனால் இருக்கைகளுக்கு இடையிலுள்ள பைன் பலகைகளில் மெல்லிய பள்ளங்கள் இருக்கும். நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் அசைந்து தொழுதவர்களின் கால்கள் தேய்த்தவை. சீரமைத்தபோது இவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கட்டடத்தில் பார்க்க வேண்டிய முதல் பொருள் இதுதான்.

4. அப்புறம் அதே மண்டபத்தின் கிழக்குச் சாளரம். 1924இல் வந்த அமெரிக்கச் சட்டம் குடியேற்றத்தை வெகுவாகக் குறைத்தது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்களும் வேறு பகுதிகளுக்குப் போனார்கள். சபையிடம் காசு குறைந்தது. பழைய சாளரம் சேதமானபோது, 1944இல் அந்த இடத்தைச் சாதாரணக் கண்ணாடிக் கட்டிகளால் அடைத்தார்கள். பிறகு மேல்மண்டபத்தையே மூடிவிட்டுக் கீழ்த்தளத்தில் தொழுதார்கள். மேலே கூரை ஒழுகியது, புறாக்கள் குடியேறின. 1986இல் தொடங்கிய மீட்பு முயற்சி 2007இல்தான் முடிந்தது, சுமார் 2 கோடி டாலர் செலவில். இன்று நீங்கள் பார்க்கும் நீலநிற நட்சத்திரச் சாளரம் 2010இல் வந்தது. கலைஞர் கிகி ஸ்மித்தும் கட்டடக் கலைஞர் டெபோரா கான்ஸும் வடிவமைத்தது. பழையதைப் போலியாகச் செய்யாமல் புதிதாகவே செய்தது நல்ல முடிவு.

5. மாடியில் பெண்களுக்கான பகுதிக்கு ஏறுங்கள். விதானத்தில் தீட்டிய நட்சத்திரங்கள் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். சீரமைக்காமல் விட்ட ஒரு சுவர்த்துண்டும் உண்டு. பூச்சு உதிர்ந்து உள்ளே மரச்சட்டங்கள் தெரியும். கண்ணில் படாவிட்டால் வழிகாட்டியிடம் கேளுங்கள், காட்டுவார்.

6. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். வெளியே வந்தால் பசிக்கும். அந்த வட்டாரத்தில் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பஞ்சமில்லை.