வீட்டுக்கு ஒரு நாஸ்: பெட்டி தேர்வு முதல் பேக்கப் வரை

வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு போன். போட்டோவும் வீடியோவும் போனில் கொஞ்சம், பழைய லேப்டாப்பில் கொஞ்சம், இரண்டு மூன்று பென் டிரைவில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் வரம்பில்லாத இலவச இடத்தை நிறுத்திவிட்டது. மெயிலுக்கும் டிரைவுக்கும் போட்டோவுக்கும் சேர்த்து இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபிதான். அதனால் எல்லாவற்றையும் வீட்டிலேயே ஓரிடத்தில் சேர்த்து வைத்து, வீட்டில் உள்ள எல்லோரும் வைஃபை வழியாக எடுத்துக்கொள்ள ஒரு வழி வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் நாஸ். உள்ளே ஹார்டு டிஸ்க் போட்டு, லேன் கேபிளில் ரவுட்டரோடு சேர்த்து, நாள் முழுக்க ஓடவிடும் ஒரு சின்ன கம்ப்யூட்டர், அவ்வளவுதான்.

பட்ஜெட் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். மொத்தப் பணத்தையும் பெட்டியிலும் டிஸ்க்கிலும் போட்டுவிடாதீர்கள். பேக்கப் எடுக்கத் தனியாக ஒரு யூஎஸ்பி ஹார்டு டிஸ்க்குக்கும் ஒரு யூபிஎஸ்ஸுக்கும் முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். இவை இரண்டும் இல்லாத விலை உயர்ந்த நாஸைவிட, இவற்றோடு வாங்கிய சாதாரண நாஸே மேல்.

எவ்வளவு இடம் வேண்டும்?

எல்லா போனிலும் லேப்டாப்பிலும் இப்போது இருப்பதைக் கூட்டுங்கள். அதை இரண்டரை அல்லது மூன்றால் பெருக்குங்கள். போட்டோ அதிகம் இடம் பிடிக்காது. ஒரு போட்டோ 3 எம்பி, 4 எம்பி என்றால் 1 டிபியில் இரண்டரை லட்சத்துக்கு மேல் அடங்கும். இடத்தை விழுங்குவது வீடியோதான். ஐபோனில் 4கே, 60 ஃபிரேமில் எடுத்தால் ஒரு நிமிடத்துக்கே சுமார் 400 எம்பி. பெரும்பாலான குடும்பங்களுக்கு 4 டிபி தாராளம். கல்யாண வீடியோக்கள், பிள்ளைகளின் 4கே பதிவுகள் என்று நிறைய இருந்தால் 8 டிபி பாருங்கள்.

4 டிபி டிஸ்க் போட்டால் விண்டோஸில் 3.6 டிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, டிஸ்க் நிறுவனம் கணக்கிடும் முறை வேறு, விண்டோஸ் கணக்கிடும் முறை வேறு. 

பெட்டி

ரவுட்டரின் பின்னால் உள்ள யூஎஸ்பி போர்ட்டில் ஒரு ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் போதாதா என்று பலர் கேட்பார்கள். சினிமா பார்க்க மட்டும் என்றால் போதும். பல ரவுட்டர்களில் அது மெதுவாக ஓடும், ஒவ்வொருவருக்கும் தனி அனுமதி தரும் வசதியும் குறைவு. பழைய கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது, லினக்ஸ் கொஞ்சம் பழக்கம் என்றால் ஓப்பன்மீடியாவால்ட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு நல்ல நாஸ் செய்யலாம். ஆனால் கரண்ட் அதிகம் இழுக்கும், ஏதாவது நின்றுபோனால் நீங்கள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

முதல்முறை வாங்குபவருக்கு நான் சொல்வது, இரண்டு டிஸ்க் போடும் ரெடிமேட் பெட்டி. சினாலஜி, கியூநாப் இரண்டும் தைவான் நிறுவனங்கள், இரண்டிலுமே ஆரம்ப மாடல்கள் உண்டு. இங்கே சினாலஜியை வைத்துச் சொல்கிறேன், புதியவர்களுக்கு அதன் மென்பொருள் எளிது. இரண்டு டிஸ்க் பெட்டி ஓடும்போது 15 முதல் 20 வாட் வரை எடுக்கும். நாள் முழுக்க ஓடினாலும் நாளுக்கு அரை யூனிட்டுக்குள்தான். தமிழ்நாட்டில் இரண்டு மாத பில்லில் 22 முதல் 29 யூனிட் கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். தகவலைத் தடங்களாக எழுதும் முறையை வைத்து ஹார்டு டிஸ்க்கில் சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று இரண்டு வகை. சிஎம்ஆரில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று லேசாக ஏறிப் படுத்திருக்கும், ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி. நடுவில் ஒன்றை மாற்றி எழுத வேண்டுமானால் பக்கத்தில் உள்ளதையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். கெட்டுப்போன டிஸ்க்குக்குப் பதில் புதியதைப் போட்டு, எல்லாத் தகவலையும் அதில் நிரப்பும்போது இது கழுத்தறுக்கும். 2020-ல் டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) நிறுவனத்தின் ரெட் டிஸ்க்குகளில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது வெளியே தெரிந்து பெரிய சர்ச்சையானது. அதனால் டபிள்யூடி என்றால் ‘ரெட் பிளஸ்’ என்று பெயரில் இருக்கிறதா பாருங்கள். சீகேட் என்றால் அயர்ன்வுல்ஃப். இரண்டும் சிஎம்ஆர்தான்.

வாங்குமுன் உங்கள் பெட்டி மாடலுக்குப் பொருந்தும் டிஸ்க் பட்டியலை சினாலஜி தளத்தில் ஒருமுறை பாருங்கள். டிஸ்க் கைக்கு வந்ததும் சீரியல் எண்ணைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, உங்கள் நாட்டில் வாரண்டி இருக்கிறதா என்று சோதியுங்கள். வேறு நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்காகக் கொடுத்த டிஸ்க், பழைய டிஸ்க் எல்லாம் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். முடிந்தால் இரண்டு டிஸ்க்கையும் வேறு வேறு கடையில் வாங்குங்கள். ஒரே பார்சலில் வந்தவை ஒன்றாகவே அடிபட்டிருக்கலாம்.

மாட்டுவது

பெட்டியை ரவுட்டர் பக்கத்தில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஹார்டு டிஸ்க் ஓடும் சத்தம் ராத்திரியில் நன்றாகவே கேட்கும், அதனால் படுக்கையறை வேண்டாம். டிரேயை இழுத்து, டிஸ்க்கை வைத்து, திரும்பத் தள்ளினால் முடிந்தது. சில மலிவான மாடல்களில் மூடியைத் திறந்து ஸ்க்ரூ முடுக்க வேண்டியிருக்கும்.

லேன் கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். கேட் 5இ அல்லது கேட் 6 போடுங்கள். ரவுட்டரின் லேன் போர்ட் கிகாபிட்தானா (1000 எம்பிபிஎஸ்) என்றும் பாருங்கள். இன்டர்நெட் கனெக்‌ஷனோடு இலவசமாகத் தரும் சில ரவுட்டர்களில் 100 எம்பிபிஎஸ் போர்ட்தான் இருக்கும். அதில் நொடிக்கு 11 எம்பிக்கு மேல் போகாது. 500 ஜிபி ஏற்ற பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிகாபிட்டில் அதே வேலை ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் முடியும். ரவுட்டரை மாற்ற முடியாதென்றால் ஒரு கிகாபிட் ஸ்விட்ச் வாங்கி, நாஸையும் கம்ப்யூட்டரையும் அதில் செருகுங்கள்.

முதல் அமைப்பு

பவர் பட்டனை அழுத்திச் சில நிமிடம் பொறுங்கள். அதே வீட்டு நெட்வொர்க்கில் உள்ள லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து, ஃபைண்ட் டாட் சினாலஜி டாட் காம் என்ற முகவரிக்குப் போனால் பெட்டியைக் கண்டுபிடித்துக் காட்டும். பெட்டியை இயக்கும் டிஎஸ்எம் என்ற சினாலஜி மென்பொருளை நிறுவச் சொல்லும், ஒத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று எச்சரிக்கை வரும். புது டிஸ்க் என்றால் கவலையில்லை. ஏற்கெனவே போட்டோ இருக்கும் பழைய டிஸ்க்கை மட்டும் ஒருபோதும் இதில் போடாதீர்கள்.

அடுத்து ஸ்டோரேஜ் பூல், அதாவது டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து அமைப்பது. அப்படிச் சேர்க்கும் முறைக்குப் பெயர் ரெய்டு, எஸ்ஹெச்ஆர் என்பது சினாலஜியின் சொந்த முறை. ரெய்டு 1 அல்லது எஸ்ஹெச்ஆர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு டிஸ்க் இருக்கும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றேதான்: ஒரே தகவல் இரண்டிலும் எழுதப்படும், 4 டிபி டிஸ்க் இரண்டு போட்டாலும் கிடைப்பது 4 டிபி இடம். ரெய்டு 0 பக்கமே போகாதீர்கள், அதில் ஒரு டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறை) எது என்று கேட்டால், உங்கள் மாடலில் இருக்கும் பட்சத்தில் பிடிஆர்எஃப்எஸ்ஸை எடுங்கள். ஃபைலின் பழைய நிலையை ஸ்னாப்ஷாட்டாக வைத்துக்கொள்ள அதுதான் உதவும்.

அப்புறம் ரவுட்டருக்குள் போய், டிஹெச்சிபி (வீட்டுக் கருவிகளுக்கு நெட்வொர்க் முகவரி தரும்) பகுதியில் நாஸுக்கு ஒரு நிலையான முகவரியை ஒதுக்குங்கள். 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம். இதைச் செய்யாவிட்டால் கரண்ட் போய் வந்த ஒரு நாளில் முகவரி மாறி, ‘நாஸைக் காணோம்’ என்று வீட்டில் கூப்பாடு போடுவார்கள்.

ஆட்களும் ஃபோல்டர்களும்

முதல் அமைப்பின்போது உருவாக்கிய நிர்வாகக் கணக்கை அன்றாட வேலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும், உங்களுக்கும் சேர்த்து, சாதாரணக் கணக்கு ஒன்று தனியாக உருவாக்குங்கள். ஷேர்டு ஃபோல்டர் இரண்டு மூன்று போதும்: குடும்பப் போட்டோ, ஆவணங்கள், சினிமா. ஆவணங்களில் பத்திரம், மார்க் ஷீட், இன்ஷூரன்ஸ் எல்லாம் இருக்கும், அதில் எழுதும் அனுமதியைப் பெரியவர்கள் இருவருக்கு மட்டும் கொடுங்கள். பிள்ளைகளுக்குப் பார்க்க மட்டும் அனுமதி தரலாம்.

விண்டோஸில் இணைக்க, ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டியில் \\192.168.1.50 என்று அடித்து என்டர் தட்டுங்கள். கேட்கும்போது நாஸில் உருவாக்கிய பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள். விண்டோஸில் லாகின் செய்யும் பெயர் இங்கே செல்லாது. வேண்டிய ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ‘மேப் நெட்வொர்க் டிரைவ்’ கொடுத்தால் இசட் டிரைவாக எப்போதும் இருக்கும். ஏற்கெனவே ஒரு பெயரில் இணைந்த கம்ப்யூட்டரில் அதே நாஸுக்கு இன்னொரு பெயரில் நுழைய விண்டோஸ் விடாது. அப்படி மறுத்தால் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பதிவை நீக்கிவிட்டு, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து முயலுங்கள்.

போன்களுக்கு சினாலஜி போட்டோஸ் ஆப் போட்டு, தானியங்கி பேக்கப்பை ஆன் செய்யுங்கள். முதல்முறை ஏறும்போது நேரம் பிடிக்கும். ஐபோன் என்றால் சார்ஜில் போட்டு ஆப்பைத் திரையிலேயே திறந்து வையுங்கள், பின்னணியில் விட்டால் நடுவில் நின்றுவிடும்.

யூபிஎஸ்

கரண்ட் சட்டென்று போகும்போது டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நிற்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும், கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாறும் அந்தக் கண நேரத்தில் நாஸ் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். யூஎஸ்பி டேட்டா போர்ட் உள்ள சின்ன யூபிஎஸ் வாங்கி, அதன் கேபிளை நாஸின் பின்னால் செருகுங்கள். கன்ட்ரோல் பேனலில் யூபிஎஸ் பகுதியை ஆன் செய்தால், பேட்டரி தீரும்முன் நாஸ் தானாகவே பத்திரமான நிலைக்குப் போய்விடும். கடையில் கேட்கும்போது ‘டேட்டா போர்ட் இருக்கா’ என்று கேளுங்கள், விலை குறைந்த பல மாடல்களில் அது இருக்காது.

பேக்கப்: இதை விடவே கூடாது

இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவல்தானே இருக்கிறது, அப்புறம் எதற்கு பேக்கப்? ஒரு ஃபோல்டரைத் தெரியாமல் அழித்தால் அதே நொடியில் இரண்டு டிஸ்க்கிலும் அழியும். வைரஸ் ஃபைல்களைப் பூட்டினாலும் இரண்டிலும் பூட்டப்படும். திருடன் தூக்கினால் இரண்டும் சேர்ந்துதான் போகும். ரெய்டு உங்களைக் காப்பது ஒரே ஒரு விஷயத்தில்தான், டிஸ்க் ஒன்று கெட்டுப்போனால் மட்டும்.

முன்னால் ஒதுக்கி வைத்த யூஎஸ்பி டிஸ்க்கை இப்போது நாஸில் செருகுங்கள். ஹைப்பர் பேக்கப் என்ற செயலியை நிறுவி, போட்டோவையும் ஆவணங்களையும் தேர்ந்தெடுத்து ஓடவிடுங்கள். சினிமா ஃபோல்டர் வேண்டாம், அது போனால் மறுபடி கிடைக்கும். பேக்கப் முடிந்ததும் இஜெக்ட் கொடுத்துக் கழற்றி, பீரோவில் வையுங்கள். மாதம் ஒருமுறை செருகி ஓட்டினால் போதும். இன்னொரு டிஸ்க் வாங்க முடிந்தால் அதை ஊரில் அப்பா அம்மா வீட்டில் வைத்து, போகும்போதெல்லாம் மாற்றி எடுத்து வாருங்கள்.

முதல் பேக்கப் முடிந்த அன்றே ஒரு போட்டோவை நாஸிலிருந்து வேண்டுமென்றே அழித்து, பேக்கப்பிலிருந்து திரும்ப எடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. எந்த பட்டனை அழுத்த வேண்டும் என்பது பதற்றம் இல்லாத நேரத்தில் கைக்குப் பழகிவிடும்.

வெளியூரிலிருந்து பார்க்க

ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்து நாஸை நேரடியாக இன்டர்நெட்டுக்குத் திறக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. வேண்டவே வேண்டாம். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரேன்சம்வேர் (பணம் பறிக்கும் வைரஸ்), அப்படித் திறந்திருந்த கியூநாப் பெட்டிகளில் புகுந்து ஃபைல்களைப் பூட்டி, ஆளுக்கு 0.03 பிட்காயின் கேட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில், இன்டர்நெட்டில் இருந்த டபிள்யூடி மை புக் லைவ் டிஸ்க்குகளில் பலரின் தகவல் மொத்தமாகத் துடைக்கப்பட்டது. போர்ட் திறக்காமலே வெளியிலிருந்து இணைக்கும் சினாலஜியின் குவிக்கனெக்ட் வசதி போதும், அல்லது நாஸையும் போனையும் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல் ஆப்பை இரண்டிலும் போடுங்கள். நம் ஊர் இன்டர்நெட் நிறுவனங்கள் பல, ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து தருவதால் போர்ட் ஃபார்வர்டிங் பெரும்பாலும் வேலையும் செய்யாது, டெயில்ஸ்கேல் அதிலும் ஓடும். எதைப் போட்டாலும் நிர்வாகக் கணக்குக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள்.

அப்புறம்

மெயில் அறிவிப்பை அமைத்து, சோதனை மெயில் வருகிறதா பாருங்கள். மாதம் ஒருமுறை ஸ்மார்ட் சோதனை (டிஸ்க்கின் ஆரோக்கியத்தைப் பார்க்கும் சோதனை) தானாக ஓடும்படி வையுங்கள். என்றாவது ஒரு டிஸ்க் கெட்டு, ‘டீகிரேடட்’ என்று மெயில் வந்து பெட்டி பீப் அடித்தால் பயப்பட வேண்டாம். தகவல் இன்னும் மற்ற டிஸ்க்கில் இருக்கிறது. டிஸ்க் வாங்க ஓடுமுன், யூஎஸ்பி டிஸ்க்கைச் செருகி ஒரு பேக்கப் ஓட்டுங்கள். மீதமிருக்கும் டிஸ்க்கும் அதே வயதுதான், புதியதில் எல்லாவற்றையும் நிரப்பும் மணிக்கணக்கான வேலை அதன் தலையில்தான் விழும். பேக்கப் முடிந்த பிறகு, ஸ்டோரேஜ் மேனேஜர் காட்டும் சீரியல் எண்ணையும் டிஸ்க் மேல் ஒட்டியிருப்பதையும் ஒத்துப் பார்த்து, கெட்டதை மட்டும் கழற்றுங்கள்.