ஒரு புள்ளியை மாற்றப் போய் மதர்போர்டை இழக்காதீர்கள்

கோலாலம்பூர் செந்தூலில் லேப்டாப் பழுது பார்க்கும் மேசைக்கு நான் வந்து 15 வருடம் ஆகிறது. இப்போது தொழில் பழக இரண்டு பையன்கள் வந்திருக்கிறார்கள். இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள். போன வியாழக்கிழமை, திரையில் ஒரு பச்சைப் புள்ளி இருந்த லேப்டாப்பைச் சின்னவன் எடுத்தான். திரையைச் சுற்றியிருக்கும் சட்டத்தைப் பதமாகக் கழற்றினான். படம் காட்டும் பலகையை, அதாவது பேனலை, முன்பக்கம் சாய்த்தான். பின்னால் இருக்கும் கேபிளை உருவ விரலை வைத்தான். பேட்டரி உள்ளேயே மாட்டியிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் பையன் நடுங்கிப்போனான். "அண்ணே, ஆஃப் பண்ணிட்டேன்லா" என்றான். அதே வார்த்தையை ஒரு காலத்தில் நானும் சொன்னேன். அதனால்தான் இந்த வேலையில் நடக்கும் தவறுகளை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

செத்த புள்ளியும் சிக்கிய புள்ளியும் ஒன்று என்று நினைப்பது

1920க்கு 1080 என்று சொல்லும் திரையில் படத்தை உருவாக்கும் குட்டிப் புள்ளிகள், அதாவது பிக்சல்கள், 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துண்டுகள். ஒவ்வொரு துண்டையும் ஒரு குட்டி டிரான்சிஸ்டர் ஆள்கிறது. அதாவது 62 லட்சத்துக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள்.

ஒரு துண்டு மட்டும் எந்தப் படம் வந்தாலும் எரிந்துகொண்டே இருந்தால் அது சிக்கிய பிக்சல். சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ நிற்கும். மூன்றுமே எரியாமல் எப்போதும் கறுப்பாக நின்றால் அது செத்த பிக்சல். சிக்கியது சில நேரம் விடுபடும். நிறங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டும் வீடியோவை அந்த இடத்தில் அரை மணி, ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம். பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். ஓட்டும்போது திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். வலிப்பு நோய் உள்ளவருக்கு அந்த மினுக்கல் ஆபத்து. வாசலில் வருகிறவருக்கு என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. செத்த பிக்சலுக்கு அந்த வீடியோவை இரவு முழுக்க ஓட்டுகிறவர்களையும் பார்க்கிறேன். அதனால் பயனில்லை.

குற்றவாளியைத் தேடாமல் பேனலைக் குற்றம் சொல்வது

முதலில் ஈரம் லேசாகப் பட்ட மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். பாதிப் புள்ளிகள் அங்கேயே தீரும். பிறகு திரை முழுவதும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக நிறத்தை நிரப்பிப் பாருங்கள். புள்ளி நிற்கும் நிலையில் எச்டிஎம்ஐ கேபிள் வழியாக டிவியில் மாட்டிப் பாருங்கள். டிவியிலும் அதே இடத்தில் வந்தால் கோளாறு பேனலில் இல்லை, படத்தை உருவாக்கி அனுப்பும் கிராஃபிக்ஸில். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி "அண்ணே, இந்தப் புள்ளியைப் பாருங்க" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பேனலின் குறை ஸ்கிரீன்ஷாட்டில் விழாது. கைப்பேசியால் படம் எடுத்து அனுப்புங்கள்.

புள்ளியை அழுத்துவது

வேண்டாம். உள்ளே இருக்கும் திரவப்படிகப் படலத்தின் தடிமன் சில மைக்ரோமீட்டர்தான்.

சூடு காட்டுவது

அதுவும் வேண்டாம்.

பேட்டரியைக் கழற்றாமல் திரைக் கேபிளைத் தொடுவது

இதைத்தான் நான் விடமாட்டேன்.

நான் தொழிலுக்கு வந்தபோது லேப்டாப் பேட்டரி வெளியில்தான் இருக்கும். அடியில் இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளினால் கையோடு வந்துவிடும். ஆகவே பேட்டரியைக் கழற்றுவதை யாரும் தனியாகச் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. மூன்றாவது வருடத்தில், பேட்டரியை உள்ளே வைத்துத் திருகி மூடிய மெலிந்த லேப்டாப்கள் வரத் தொடங்கின. அப்படி ஒன்றை ஒரு தங்கச்சி கொண்டு வந்தாள். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். திரையின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. எழுத்தைப் படிக்கும்போதெல்லாம் கண் அங்கேயே போகிறது, பேனலை மாற்றிவிடுங்கள் என்றாள். அந்தப் பணத்தை அவள் பகுதி நேர வேலை செய்து சேர்த்திருந்தாள்.

ஷட் டவுன் செய்தேன், சார்ஜரைப் பிடுங்கினேன், போதும் என்று நினைத்தேன். பழைய பேனலை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினேன். கேபிள் முனை சற்றுக் கோணலாக ஏறியது. உருவி மறுபடி நேராகச் செருகினேன். பட்டனை அழுத்தினேன். விசிறி சுற்றியது. திரை கறுப்பு. பழைய பேனலைத் திரும்ப மாட்டினேன். அதுவும் கறுப்பு.

நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் கேபிளில் இரண்டு விதமான மின்சாரம் போகிறது. படத்தைக் கொண்டு போகும் கம்பிகளும் பேனலின் மூளைக்கு வேண்டிய 3.3 வோல்ட்டும் ஒரு பக்கம். திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பின்னொளிக்கு வேண்டியது இன்னொரு பக்கம், அது பேட்டரியின் வோல்டேஜ் அளவுக்கு உயர்ந்தது, சார்ஜர் மாட்டியிருந்தால் 19 வோல்ட் வரை போகும். கேபிள் முனையில் 30 பின்கள், அதாவது உலோக முனைகள், ஒரு பின்னுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர். பல மாடல்களில் லேப்டாப்பை அணைத்த பிறகும் பேட்டரி மாட்டியிருக்கும் வரை பின்னொளிப் பாதையில் மின்சாரம் நிற்கும். கேபிள் கோணலாக ஏறினாலோ இறங்கினாலோ அந்த உயர் வோல்டேஜ் பக்கத்துப் பின்னைத் தொடுகிறது. 3.3 வோல்ட் தாங்கும் இடத்தில் பன்னிரண்டோ பத்தொன்பதோ ஏறினால் என்ன மிஞ்சும்?

அதிர்ஷ்டம் இருந்தால் லேப்டாப்பின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டில் எள் அளவு இருக்கும் பின்னொளி ஃபியூஸ் மட்டும் போகும். அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு: இருட்டில் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துத் திரையைப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னொளி மட்டும்தான் போயிருக்கிறது, காப்பாற்றலாம். அன்று நான் டார்ச் அடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. படம் போகும் பாதையே எரிந்திருந்தது. அந்தப் பாதை நேராக மெஷினின் மூளையான சிபியுவுக்குப் போகிறது, சிபியு மதர்போர்டில் பற்றவைத்து வருகிறது. ஆக மொத்த போர்டும் போச்சு.

பேனல் 280 ரிங்கிட். போர்டு 950 ரிங்கிட். கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கி விலை பேசினேன். என் சம்பளத்தில் நான்கு மாதம் பிடித்தம். பணத்தைவிட வலித்தது வேறு. போர்டு வந்து சேரப் பதினொரு நாள் ஆனது. அதற்குள் அந்தத் தங்கச்சி தன் கடைசி வருட ஆய்வேட்டைத் தோழியின் லேப்டாப்பில், தோழி தூங்கும் நேரத்தில் தட்டினாள். ஒரு புள்ளி குறையாக இருந்த மெஷினோடு வந்தவளை நான் மெஷினே இல்லாமல் அனுப்பினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

ஆகவே வரிசை இது. ஷட் டவுன். சார்ஜர் வெளியே. அடி மூடியைத் திற. பேட்டரி கனெக்டரை உருவு. பவர் பட்டனை 20 விநாடி அழுத்திப் பிடி, மிச்ச மின்சாரம் இறங்கட்டும். அதன் பிறகுதான் திரைப் பக்கம் போக வேண்டும். திங்க்பேட் போன்ற லேப்டாப்களில் பயாஸுக்குள், அதாவது மெஷின் கிளம்பும்போது வரும் அமைப்புப் பக்கத்துக்குள், போய் உள் பேட்டரியை முடக்கி வைக்கும் வசதியும் இருக்கிறது. அதைச் செய்துவிட்டு அடி மூடியைத் திறப்பது இன்னும் நல்லது.

திரையை மடக்கி மூடி வைத்தால் லேப்டாப் அணைந்துவிட்டது என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அது தூக்கம் மட்டுமே. சில மாடல்களில் மடக்கிய திரையைத் திறந்ததுமே மெஷின் தானாகக் கிளம்பிவிடும். திரையை வேலைக்கு வசதியாக விரித்து வைக்கிறீர்கள், அதே கணத்தில் உங்கள் விரலுக்கு அடியில் மின்சாரம் ஓட ஆரம்பிக்கிறது. சின்னவன் அன்று எடுத்த லேப்டாப் அந்த ரகம்தான்.

"அடி மூடியில பத்து ஸ்க்ரூ இருக்கு அண்ணே, அதுக்கே பத்து நிமிஷம் போகும்" என்று பெரியவன் ஒரு நாள் சொன்னான். போகட்டும். அந்தப் பத்து நிமிடத்துக்கும் சேர்த்துத்தான் வாடிக்கையாளர் கூலி கொடுக்கிறார்.

லேப்டாப் மாடலைச் சொல்லிப் பேனல் வாங்குவது

ஒரே மாடலில் இரண்டு மூன்று விதப் பேனல்கள் வந்திருக்கும். ஒன்று 30 பின், இன்னொன்று 40 பின். ஒன்றுக்கு ஓரத்தில் திருகு மாட்டும் காது இருக்கும், இன்னொன்று ஒட்டுநாடாவில் நிற்கும். பழைய பேனலைக் கழற்றி, பின்னால் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள். வந்ததும் ஒட்டுநாடாவின் மேல்தாளை உரிக்காமல் மாட்டி, ஐந்து நிறமும் ஓட்டிப் பாருங்கள். புதுப் பேனலிலும் புள்ளி இருக்கலாம். உரித்துவிட்டால் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார்.

ஒரு புள்ளி இருந்தாலே மாற்றிக் கொடுப்பார்கள் என்று நம்புவது

2001ல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 என்ற தரவிதி திரைகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்தது. இரண்டாம் வகுப்பில் பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரிவது இரண்டு, எப்போதும் கறுப்பாக இருப்பது இரண்டு, துண்டு மட்டும் சிக்கியது ஐந்து வரை அனுமதி. அந்தக் கணக்கில் 20 லட்சம் பிக்சல் உள்ள லேப்டாப் திரைக்கு நான்கு செத்த பிக்சல் வரை குறையே இல்லை. 2008ல் ஐஎஸ்ஓ 9241-307 அதன் இடத்துக்கு வந்தது. ஆனால் பொருளை விற்கும் நிறுவனம் எத்தனை புள்ளிக்கு மாற்றித் தரும் என்பதைத் தன் உத்தரவாதத் தாளில் தானே எழுதி வைத்திருக்கும். வாங்கும் முன் அதைக் கேளுங்கள். தீபாவளித் தள்ளுபடியில் வாங்கி வந்து பெட்டியைப் பிரிக்காமல் வைத்துவிட்டு, மாற்றும் நாட்கள் கடந்த பிறகு எங்களிடம் வருகிறார்கள். பிரிக்கும் அன்றே ஐந்து நிறத்தையும் ஓட்டுங்கள். ரசீதை எறியாதீர்கள்.

கடை எழுதிக் கொடுத்ததை மறுத்தால் மலேசியாவில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி வழக்குப் பதியலாம், வழக்கறிஞர் வேண்டாம். கோரிக்கைத் தொகை 50,000 ரிங்கிட் வரை. ஆனால் நீங்களே திறந்து நோண்டியிருந்தால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும்.

எல்லாப் புள்ளியையும் மாற்றியே ஆக வேண்டும் என்பது

கிள்ளானிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை வந்தார். வலது மூலையில், கடிகாரம் காட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நீலப் புள்ளி. "இது பரவுமா தம்பி?" என்று கேட்டார். தனிப் புள்ளி பொதுவாகப் பரவாது. கோடாக நீண்டாலோ, பக்கத்தில் புதுப் புள்ளிகள் முளைத்தாலோதான் வேறு கோளாறு என்று சொல்லி, காசு வாங்காமல் திருப்பி அனுப்பினேன். நான்கு வருடம் கழித்துப் போன மாதம் கீபோர்டு மாற்ற வந்தார். நீலப் புள்ளி அங்கேயே, அதே அளவில் இருந்தது. கீபோர்டை மட்டும் மாற்றிக் கொடுத்தேன், பேட்டரியைக் கழற்றிவிட்டு.