மதுரை உப்புத் தண்ணீரில் பூந்திக்கொட்டைச் சலவை: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஆனையூர்ப் பக்கம் குடிவந்த புதிதில் துவைத்த துண்டெல்லாம் காய்ந்ததும் அட்டை மாதிரி விறைத்து நின்றது. தூள் போதவில்லை போல என்று அடுத்த முறை இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டேன். விறைப்பு கூடியது, என் கைத்தோல் உரிந்தது, மூன்று வாளி அலசியும் நுரை போகவில்லை. கோளாறு எங்கே இருக்கிறது என்பது ஒருநாள் வெந்நீர்ப் பாத்திரத்தைக் கழுவும்போதுதான் புரிந்தது. அடியில் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளைப் படிவு. போர் தண்ணீர்!

அதனால், தூளுக்குப் பதிலாக நுரைக்கும் பூந்திக்கொட்டையில் துவைக்கும் இந்தச் செய்முறையைத் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன். எந்தக் கொட்டையை வாங்குவது, எவ்வளவு போடுவது என்பதெல்லாம் அப்புறம்.

முதல் படி: உங்கள் தண்ணீரைப் பாருங்கள்

ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு உங்கள் வீட்டுத் தண்ணீரை ஊற்றுங்கள். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு இருந்தால் அதில் ஒரு சிட்டிகை துருவிப் போட்டு, மூடி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். மேலே கெட்டியாக நுரை நின்று கீழே தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தால் அது நல்ல தண்ணீர். நுரையே எழாமல், தண்ணீர் பால் திரிந்ததுபோல் கலங்கி, திப்பித் திப்பியாக ஏதோ மிதந்தால் அது உப்புத் தண்ணீர். நாம் உப்பு என்று சொன்னாலும் இங்கே வேலையைக் காட்டுவது கால்சியமும் மக்னீசியமும்தான். சோப்போடு சேர்ந்து அவை கரையாத திப்பியாகி விடுகின்றன. அந்தத் திப்பிதான் துணியில் ஒட்டிக்கொண்டு விறைக்கிறது, வெள்ளைத் துணியைச் சாம்பல் நிறமாக்குகிறது.

மதுரையில் பல வீடுகளில் மாநகராட்சிக் குழாயும் இருக்கும், போரும் இருக்கும். இரண்டையும் தனித்தனியாகச் சோதித்துப் பாருங்கள். முடிந்தால் மழைத்தண்ணீரையும் பிடித்து ஒரு பாட்டிலில் குலுக்கிப் பாருங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கடைத் தூள் இந்த உப்பை எப்படிச் சமாளிக்கிறது என்றால், உப்பைக் கட்டிப்போடுகிற சரக்குகளும் அதில் சேர்ந்திருக்கும். சில தூள்களில் அது பாஸ்பேட். துவைத்த தண்ணீர் சாக்கடை வழியாக வாய்க்கால், கண்மாய் என்று போய்ச் சேரும்போது, பாஸ்பேட் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகிறது. செல்லூர் கண்மாயிலிருந்து பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போகும் தண்ணீரில் மழைக்காலத்தில் நுரை பொங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதில் ஊர்க் கழிவெல்லாம் சேர்ந்திருக்கிறது. என் வாளித் தண்ணீரும் அதில் உண்டு என்ற நினைப்புதான் என்னைத் தூளை விட வைத்தது.

இரண்டாம் படி: கொட்டை வாங்குவது

பூந்திக்கொட்டை, பூவந்திக்கொட்டை, நெய்க்கொட்டான் எல்லாம் ஒன்றுதான். என் அப்பத்தா பட்டுச்சேலைக்கும் சங்கிலிக்கும் இதைத் தவிர வேறு எதையும் தொடவிட்டதில்லை. நகைப் பட்டறைகளில் தங்கத்தையும் வெள்ளியையும் கழுவ இதைத்தான் வைத்திருப்பார்கள். இந்த மரத்தின் அறிவியல் பெயரான சபிண்டஸ் என்பதற்கே 'இந்தியச் சோப்பு' என்றுதான் பொருள்.

கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். நம் பக்கத்து மரத்தின் காய் மூன்று மூன்றாக ஒட்டியிருக்கும். வடக்கே விளைவது தனித்தனி உருண்டையாக, கொஞ்சம் பெரிதாக இருக்கும். இரண்டும் துவைக்க ஆகும். நுரைக்கும் பொருளான சபோனின் மேல்தோலில்தான் இருக்கிறது, உள்ளே இருக்கும் கறுப்பு விதையால் பயனில்லை. எனவே விதை எடுத்த தோலாகவே வாங்குவது லாபம். விதையோடு வாங்கினால் வெயிலில் ஒருநாள் காயவைத்து, அம்மிக்குழவியால் லேசாகத் தட்டினால் விதை கழன்றுவிடும். தோலைக் கையில் அழுத்தினால் லேசாகப் பிசுபிசுக்க வேண்டும். பூஞ்சை வாடை அடித்தால் வாங்காதீர்கள்.

பொடியாகவும் விற்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் பொடியைச் சொல்ல மாட்டேன். துணி மடிப்புகளில் துகள் துகளாக மாட்டிக்கொள்ளும், வாளியில் கொட்டும்போது மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது.

மூன்றாம் படி: காய்ச்சுவது

100 கிராம் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவே ஊறப் போடுங்கள். நல்ல தண்ணீராக இருந்தால் நல்லது. காலையில் அதே தண்ணீரோடு அடுப்பில் ஏற்றுங்கள். பாத்திரம் பெரியதாக இருக்கட்டும், பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. இதைச் சும்மா சொல்லவில்லை. முதல் தடவை நான் பால் காய்ச்சும் பாத்திரத்தில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் நுரை பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. எரிவாயு மட்டும் வந்துகொண்டிருந்தது. கொதிக்கத் தொடங்கியதும் தீயைக் குறைத்து, பக்கத்திலேயே நின்று, 20 நிமிடம் காய்ச்சுங்கள்.

ஆறியதும் கையால் நன்றாகப் பிசையுங்கள். தோல் கூழாகி, குழம்பு மாதிரி பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று வரும். பழைய வேட்டித்துணியில் இறுக்கிப் பிழிந்து வடிகட்டுங்கள். டீ வடிகட்டி போதாது. சக்கையில் இன்னும் சத்து இருக்கும், அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி ஒருமுறை கூடக் கொதிக்கவைத்துப் பிழிந்து முதல் சாற்றோடு சேர்த்துவிடுங்கள். மொத்தம் ஒரு லிட்டருக்குக் கிட்டத்தட்ட வரும். சக்கை மக்கும் குப்பைக்குப் போகட்டும்.

பிசைந்த கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டுவிடாதீர்கள். சீயக்காய் பட்டதைவிட மோசமாக எரியும்.

இந்தச் சாற்றில் கெடாமல் வைக்கும் மருந்து எதுவும் இல்லை. நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் இரண்டு நாளில் புளித்து நாறும். பிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். நான் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளை ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறேன். வேண்டும்போது நாலைந்து கட்டி எடுத்து வெந்நீரில் போட்டால் போதும். அந்தத் தட்டையும் டப்பாவையும் சமையலுக்கு எடுக்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் டப்பாவின் மேல் எழுதியும் ஒட்டிவிடுங்கள்.

நான்காம் படி: துவைப்பது

ஒரு வாளித் தண்ணீருக்கு 100 மில்லி சாறு, அதாவது ஒரு சின்ன டம்ளர். பத்துப் பன்னிரண்டு துணிக்கு இது போதும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் அழுக்கு சீக்கிரம் விடும். மே மாதத்தில் அதற்கு அடுப்பே வேண்டாம், மத்தியானம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீரே கை பொறுக்காத சூட்டில் இருக்கும். அரைமணி நேரம் ஊறவைத்து, கசக்கி, இரண்டு வாளித் தண்ணீரில் அலசுங்கள்.

நுரை குறைவாகத்தான் வரும். இந்த இடத்தில்தான் பலரும் நம்பிக்கை இழந்து பழைய தூளுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அழுக்கு போவதற்கு நுரை மலைபோல் எழ வேண்டிய அவசியம் இல்லை. சபோனினின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். அப்படித்தான் அழுக்கை இழுத்துக்கொண்டு வருகிறது. சோப்பைப்போல இது உப்புத் தண்ணீரில் திரிந்துபோவதில்லை என்பதால்தான் மதுரைக்கு இதைப் பரிந்துரைக்கிறேன்.

துண்டு விறைப்புக்குக் கடைசி அலசலில் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் சேருங்கள். காய்ந்தபின் வாடை இருக்காது.

வாஷிங் மெஷினில் போடுபவர்கள் சாற்றை இன்னொரு முறை வடிகட்டி நேராக டிரம்மில் ஊற்றலாம். தூள் போடும் பெட்டியில் ஊற்ற வேண்டாம், அடியில் வண்டல் தங்கிவிடும். காய்ச்ச நேரமில்லை என்றால் பத்துப் பன்னிரண்டு தோலைச் சின்னத் துணிப்பையில் இறுகக் கட்டி, பத்து நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடு சேர்த்து டிரம்மில் போடுங்கள். அதே பையை இரண்டு மூன்று முறை பயன்படுத்தலாம். அலசும் சுற்றுக்கு முன் எடுக்க மறந்தாலும் ஒன்றும் ஆகாது.

பூந்திக்கொட்டையால் முடியாதவை

எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்று சொன்னால் நீங்கள் ஏமாந்துபோவீர்கள். சமையலறைக் கைத்துணி, சட்டைக் காலர், வண்டிக் கிரீஸ் பட்ட கால்சட்டை, இவற்றுக்கு இதன் பலம் போதாது. அதற்குச் சலவைச் சோடா வேண்டும். கடையில் வெறுமனே சோடா உப்பு என்று கேட்டால் ஆப்பசோடாவைக் கொடுத்துவிடுவார்கள், சலவைச் சோடா என்று அழுத்திச் சொல்லுங்கள். அரை வாளி வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, அந்தத் துணிகளை மட்டும் ஒருமணி நேரம் ஊறவைத்து, அப்புறம் பூந்திக்கொட்டையில் துவையுங்கள். சோடா எண்ணெயையும் இளக்கும், தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் பிரித்துக் கீழே தள்ளும். அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணில் முக்கி வெள்ளாவி வைத்தார்களே, அந்த உவர்மண்ணின் காரமும் இதே சோடாதான். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பட்டிலும் கம்பளியிலும் அலுமினியப் பாத்திரத்திலும் சோடா படவே கூடாது.

வெள்ளை வேட்டிக்குப் பூந்திக்கொட்டைச் சாறு வேண்டாம். தொடர்ந்து போட்டால் லேசான பழுப்பு ஏறும். சலவைச் சோடாவில் ஊறவைத்து, வெயிலில் காயப்போடுங்கள். கறை இருந்தால் சோடியம் பெர்கார்பனேட் என்ற தூளை வெந்நீரில் கரைத்து ஊறவைக்கலாம். அது கடைசியில் சோடா, தண்ணீர், ஆக்சிஜன் என்று பிரிந்துவிடும். கடைத் தூளில் வரும் அந்த நீலப் பளீர் மட்டும் வராது. அது அழுக்கு போனதால் வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாக விடுகிற சாயம் ஒன்றைத் துணியில் பூசிவிடுவதால் வருவது.

மஞ்சள் கறை பட்ட துணியைச் சோடாவில் போட்டால் திடீரென்று சிவக்கும், பயப்படாதீர்கள். மஞ்சளின் குணம் அது. அலசி இரண்டு நாள் நல்ல வெயில் காட்டினால் கறை தானாக மங்கும்.

பட்டும் சுங்கடியும்தான் பூந்திக்கொட்டையின் சொந்த வீடு. 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரைச் சுங்கடிச் சேலையைக் கடுமையான தூளில் போட்டு நிறத்தைக் கெடுத்தவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. புதுச் சுங்கடியை முதல் மூன்று தடவை தனியாக, பச்சைத் தண்ணீரில், அரை டம்ளர் சாறு மட்டும் விட்டு, பத்தே நிமிடத்தில் அலசி எடுங்கள். முறுக்கிப் பிழியாமல் நிழலில் உதறிப் போடுங்கள்.

சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து பொங்கவிடும் குறிப்புகள் நிறையச் சுற்றுகின்றன. பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் காரமும் புளிப்பும் ஒன்றையொன்று முறித்துவிட்டு, இரண்டின் வேலையும் வீணாகும். ஊறவைக்கும்போது சோடா, கடைசி அலசலில் வினிகர். வினிகரைப் பிளீச்சிங் பவுடரோடு மட்டும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். வருவது குளோரின் வாயு, மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

எலுமிச்சைத்தோல், வெல்லம் போட்டு மூன்று மாதம் ஊறவைக்கிற நொதிநீரைத் தரை துடைக்க வைத்திருக்கிறேன். துணிக்குப் பயன்படுத்துவதில்லை.

துவைத்த தண்ணீரை எங்கே ஊற்றுவது

இயற்கைப் பொருள்தானே, எங்கே ஊற்றினால் என்ன என்று நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் முதல் அலசல் தண்ணீர் வழிந்து, முற்றத்தில் கொசுப்புழுவுக்காகக் கப்பி மீன் விட்டிருந்த தொட்டியில் கலந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் மீன்கள் அத்தனையும் செத்து மிதந்தன. சபோனின் மீனின் செவுளைத் தாக்கும். இதே கொட்டையை நசுக்கித் தண்ணீரில் கரைத்து மீன் பிடிக்கிற வழக்கம்கூட உண்டு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். மண்ணில் ஊற்றினால் அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் இதைச் சிதைத்துவிடும், ஓடும் தண்ணீரிலும் தேங்கிய தண்ணீரிலும் அந்த அவகாசம் கிடைக்காது.

இப்போது எங்கள் வீட்டில் பூந்திக்கொட்டைத் தண்ணீர் முழுவதும் வாழைக்கும் தென்னைக்கும் போகிறது. ஒரே மரத்துக்கே ஊற்றாமல் மாற்றி மாற்றி ஊற்றுகிறோம். சோடா கலந்த தண்ணீரைச் செடிக்கு விடுவதில்லை, அதிலுள்ள சோடியம் மண்ணை இறுக்கிவிடும். அது வாரத்துக்கு அரை வாளிதான், சாக்கடைக்குப் போகிறது. கிணற்றடியிலோ கண்மாய்க் கரையிலோ துவைப்பவர்கள், வாளியைத் தண்ணீரிலிருந்து பத்து இருபது அடியாவது தள்ளி வைத்து, அலசிய தண்ணீரை வெறும் மண்ணில் கொட்டிவிட்டு வாருங்கள்.