‘ஈக் அவுட்’ எங்க போடணும், எப்படிப் போடணும்

இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவங்க கண்ல ‘ஈக் அவுட்’ அடிக்கடி பட்டிருக்கும், ஈ-கே-ஈன்னு மூணு எழுத்து, ஆனா வாயில சொல்றப்ப ஈக், அவ்ளோதான். நம்மள்ல நிறைய பேர் ‘ஈக் அவுட் எ லிவிங்’, அதாவது கஷ்டப்பட்டு வயித்தக் கழுவுறது, இதை மட்டும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கோம். அது தப்பில்ல, ஆனா பின்னாடி வந்து ஒட்டிக்கிட்ட அர்த்தம்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பழைய இங்கிலீஷ்லயே இருந்த வினை இது, மூல அர்த்தம் கூட்டுறது. நிக்நேம் கூட இதுக்கு சொந்தம்தான், முதல்ல அது ‘ஆன் ஈக்நேம்’, கூடுதல் பேரு, சேத்து சொல்லிச் சொல்லி முன்னாடி இருந்த ‘ன்’ இந்தப் பக்கம் ஒட்டிக்கிச்சு. ஷேக்ஸ்பியரோட ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்துல ஒரு மல்யுத்தம் வரும், கதாநாயகி ரோசலிண்ட் மோதப் போற பையன்கிட்ட என்கிட்ட இருக்க கொஞ்சூண்டு பலமும் உனக்கு வரட்டும்னு சொல்லுவா, பக்கத்துல நிக்கிற சீலியா உடனே ‘அண்ட் மைன், டு ஈக் அவுட் ஹர்ஸ்’ம்பா. அவ பலம் பத்தாது, என்னுதையும் சேத்துக்கோ. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும், மொத்த அர்த்தமும் இதுக்குள்ளயே இருக்கு.

நம்ம பாஷைல ஒப்பேத்துறது. மோர் ஒரு டம்ளர்தான் இருக்கு, ரெண்டு பேர் கூட வந்துட்டாங்க, தண்ணி ஊத்தி உப்பு போட்டு பெருங்காயம் கரைச்சு எல்லாருக்கும் வர்ற மாதிரி பண்றோமே, அதேதான். ரெண்டாம் உலகப்போர் நேரத்துல பிரிட்டன்ல ஒரு ஆளுக்கு வாரத்துக்கு வெண்ணெய் ரேஷன் 2 அவுன்ஸ் வரைக்கும் இறங்கிருச்சு, 57 கிராம் கூட இல்ல, அதோட மார்ஜரினை, அதாவது எண்ணெய்ல செஞ்ச வெண்ணெய் மாதிரி கொழுப்பை, பிசைஞ்சு வாரத்தை ஓட்டுனாங்க: ‘தே ஈக்ட் அவுட் தி பட்டர் வித் மார்ஜரின்’.

இந்த வாக்கியத்தையே அச்சா வச்சுக்கோங்க. பத்தாத பொருள் ஈக் அவுட்டுக்கு அடுத்து, சேக்குற பொருள் ‘வித்’துக்கு அப்புறம், சேக்குறது ஒரு வேலையா இருந்தா ‘பை’. ‘ஷீ ஈக்ட் அவுட் ஹர் பென்ஷன் பை கிவிங் ட்யூஷன்’. ‘இட்’ வந்தா நடுவுல, ஈக் இட் அவுட், கடைசில போடக்கூடாது.

1926ல ஃபௌலர்ங்கிற இங்கிலீஷ் மொழி அறிஞர் தன்னோட இங்கிலீஷ் யூசேஜ் புத்தகத்துல வருமானத்தை ஈக் அவுட் பண்ணலாம், பிழைப்பை ஈக் அவுட் பண்ண முடியாதுன்னு கறாரா எழுதினார், ஏன்னா பிழைப்புங்கிறது கையில இருக்க சரக்கு இல்ல, கடைசில கிடைக்கிற பலன். ஆனா இன்னைக்கு டிக்ஷனரி எல்லாமே அதையும் ஏத்துக்குது, அதனால தைரியமா எழுதுங்க. ஸ்போர்ட்ஸ் பக்கத்துல வர்ற ‘ஈக் அவுட் எ வின்’னும் அந்த வழில வந்ததுதான், கடைசி பால்ல 1 ரன்ல தட்டுத்தடுமாறி ஜெயிச்சா பொருந்தும், 200 ரன் வித்தியாசத்துல ஜெயிச்ச மேட்சுக்குப் போட்டுடாதீங்க.